எங்கம்மா கேட்ட கேள்விய ஏலத்துல எடுத்தவங்களுக்கு

கோயமுத்தூர், திருப்பூர், ஈரோடு, சேலம்னு நம்ம பக்கத்துல டிஜிட்டல் மார்க்கெட்டிங் ஏஜென்சி நடத்தறவங்களுக்கும், அங்க உக்காந்து தேடல் விளம்பரம், அதாவது போன்ல எதையாச்சும் தேடுனா மேல வந்து நிக்கற காசு குடுத்த விளம்பரம், பாக்கற தம்பி தங்கச்சிகளுக்கும்,

போன வாரம் உங்கள்ல ஒரு ஏஜென்சிகிட்ட இருந்து எனக்கு ஒரு மெயில் வந்துதுங்க. சக்கரை வேரோட போகும்னு சொல்ற ஒரு பொடி விளம்பரத்தப் பத்தி ரெண்டு மாசமா நாலு தடவை எழுதினதுக்கு மூணே வரியில பதில். விளம்பரம் தளத்தோட பாலிசிப்படி அப்ரூவ் ஆனதாம், கிளையன்ட் குடுத்த வாசகத்தத்தான் போட்டாங்களாம், மேற்கொண்டு அவங்களுக்குப் பொறுப்பில்லையாம். அந்த மெயில் வந்த அன்னிக்கு ராத்திரியே அதே பொடி, வேற பேர்ல, வேற டப்பா படத்தோட, அதே இடத்துல மேல வந்து நிக்குதுங்க. ஏஜென்சி பேர நான் இங்க எழுதல. ஒருத்தரை மட்டும் கைகாட்டிட்டா மத்தவங்க எல்லாம் இது நமக்கில்லன்னு போயிருவீங்க, இது உங்க அத்தன பேருகிட்டயும் கேக்க வேண்டிய கேள்வி.

நான் கொடுமுடிப் பக்கம் காளிங்கராயன் பாசனத்துல மஞ்சள் வெள்ளாமை பண்றவன். அஞ்சு வருசமா விரலி மஞ்சளை நாங்களே அரைச்சு, பாக்கெட் போட்டு ஆன்லைன்லயும் விக்கறோம், அதுக்கு நானே உக்காந்து தேடல் விளம்பரம் போடப் பழகிக்கிட்டேன், அதனால பிட்டுன்னா என்ன (விளம்பர எடத்துக்கு நாம ஏலத்துல கேக்கற வெலை), கீவேர்டுன்னா என்ன (எந்தச் சொல்லத் தேடுனா விளம்பரம் வரோணுமோ அந்தச் சொல்லு), ஒரு கிளிக்குக்குக் காசு எப்படிப் புடிக்கறாங்கன்னு ஓரளவுக்குத் தெரியுமுங்க. இந்த விளம்பரம் இல்லீன்னா எங்க மஞ்சத்தூள் கொடுமுடி தாண்டிப் போயிருக்காது, அதையும் ஒத்துக்கறேன். வெவரம் தெரியாத ஆளு கத்தறான்னு தள்ளி வெச்சறாதீங்கன்னுதான் இதச் சொல்றேன்.

எங்கம்மாவுக்கு 67 வயசு. சக்கரை வந்து 11 வருசம் ஆச்சு. மாசி மாசம் மஞ்சள் வெட்டு நடந்துட்டு இருந்தப்ப காட்டுல வேலாமுள்ளு ஒண்ணு பெருவெரலுக்குக் கீழ ஏறிருச்சு. சக்கரைனால கால் மரத்துப் போனவங்களுக்கு முள்ளு ஏறுனதே தெரியாதுங்க, பொழுதோட வந்து செருப்பக் கழட்டுனப்பத்தான் ரத்தத்தப் பாத்திருக்காங்க. மஞ்சளும் சுண்ணாம்பும் வெச்சுக் கட்டிக்கிட்டாங்க. ஆள் கூலி, மஞ்சள் வேகவைக்கற சோலின்னு எல்லாரும் ஓடிக்கிட்டு இருந்தோம், நானும் பாக்கல, அது என் தப்புதான். பத்து நாள் ஆகியும் புண்ணு ஆறல. எங்களுக்கு எதுக்கு வெசனம்னு நெனச்சாங்களோ என்னமோ, யார்கிட்டயும் சொல்லாம ராத்திரி வாசல்ல கயித்துக் கட்டல்ல உக்காந்துக்கிட்டு போன்ல அந்த மைக்கை அமுத்திக் கேட்டிருக்காங்க. எழுத்துக் கூட்டித்தான் படிக்க வரும், டைப் பண்ண வராது, பேரன் பழக்கிவிட்ட மைக்குதான் அவங்களுக்கு எல்லாமே. பின்னாடி நான் அந்தப் போன்ல பழைய தேடல எடுத்துப் பாத்தேன், அவங்க பேசுனது அப்படியே எழுத்தா நிக்குதுங்க: "ஏனுங்க சக்கரைக்காரங்களுக்கு கால்ல புண்ணு ஆறமாட்டேங்குதுங்க என்ன பண்றதுங்க".

அந்த "ங்க"வப் பாருங்க. டாக்டர்கிட்ட, வாத்தியார்கிட்ட, ஊருப் பெரியவங்ககிட்ட எப்படிப் பேசுவாங்களோ அப்படித்தான் போன்கிட்டயும் பேசியிருக்காங்க. அவங்களைப் பொறுத்தவரைக்கும் அந்தப் பக்கம் வெவரம் தெரிஞ்ச ஒருத்தரு இருக்காரு, நாம மரியாதையாக் கேட்டா அவரு நாயமா சொல்லுவாரு.

வந்ததுல மொத வரியே விளம்பரம். சக்கரை வேரோட போகும், மாத்திரையே தேவையில்ல, புண்ணு 21 நாள்ல ஆறும். அமுத்துனதும் நேரா போன் நம்பருக்குப் போயிருச்சு, அந்தப் பக்கம் ஒரு பொண்ணு நம்ம பேச்சுலயே "ஏனுங்கம்மா, எத்தன நாளா இருக்குதுங்க"ன்னு கேட்டுச்சாம். பால் காசு சேத்து வெச்சிருந்ததுல 6,800 ரூபா, மூணு டப்பா. மக்களைத் தேடி மருத்துவத்துல ஊட்டுக்கே கொண்டாந்து குடுக்கற மாத்திரைய அட்டையோட அரிசி டப்பாவுக்குப் பின்னாடி வெச்சுட்டாங்க. 16 நாள் கழிச்சு நாத்தம் வந்துதான் எங்களுக்குத் தெரிஞ்சுது. ஈரோட்டுல ஆஸ்பத்திரியில சேத்து ரெண்டு வெரலு எடுத்தாங்க. டாக்டர் சத்தம் போடல, "ரெண்டு வாரம் முன்னாடி வந்திருந்தா மருந்துலயே பாத்திருக்கலாமுங்க"ன்னு மட்டும் சொன்னாரு.

இன்னொண்ணு இருக்குது, அதச் சொல்ல எனக்கு ரொம்ப நாள் ஆச்சு. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு நாலு நாள் முந்தி, ராத்திரி 11 மணிக்கு மேல, எங்கம்மா திரும்பவும் அந்தப் போன்கிட்ட கேட்டிருக்காங்க. "வெரலு கறுத்துப் போச்சுங்க பயமில்லீங்களா". அதுக்கப்பறம் அவங்க அமுத்துனதும் அதே விளம்பரத்தத்தான்னு ஹிஸ்டரியில இருக்குதுங்க.

உங்க தொழில்ல இருக்கற தம்பி ஒருத்தரு, எங்க ஒறம்பரை வழியில பழக்கம், கோயமுத்தூர்ல ஒரு பேக்கரியில உக்காந்து லேப்டாப்பத் தொறந்து இந்த மாதிரி மருந்துக் கேம்பெயின் எப்படி ஓடுதுன்னு காட்டுனாரு. வயசு 55க்கு மேல. ஏரியா ஈரோட்டச் சுத்தி இத்தன கிலோமீட்டர். ராத்திரி ஒம்போதுல இருந்து ஒரு மணி வரைக்கும் பிட்டு ஏத்தி வெச்சிருந்துது. ஏந் தம்பி ராத்திரிக்குன்னு கேட்டேன். "அப்பத்தானுங்ணா கன்வெர்சன் நல்லா வருது, பகல்ல பாத்துட்டு மட்டும் போயிருவாங்க, ராத்திரியில போன் பண்ணீருவாங்க"ன்னாரு. சொல்லிப்போட்டு டீ கிளாசவே பாத்துக்கிட்டு இருந்தாரு. ஊரே தூங்கும்போதுதான் பயம் ஏறும், கேக்க ஆளிருக்காது, எந்த நோயாளி ஊட்டுலயும் இதச் சொல்லுவாங்க, உங்க ஷீட்ல அது பிட்டு ஏத்தறதுக்கு ஒரு நேரக் கட்டமா இருக்குது.

அவரு இன்னொண்ணும் சொன்னாரு, கால் புண்ணுங்கற கீவேர்ட யாருமே போடலியாம், சிஸ்டமே அர்த்தம் புடிச்சு எடுத்துக்குமாம். அது நெசந்தான், எனக்கும் தெரியும். முந்தியெல்லாம் எந்தச் சொல்லுக்கு விளம்பரம் வரோணும்னு நாமதான் எழுதிக் குடுப்போம், இப்ப பிராட் மேட்ச், ஆட்டோமேட்டிக் பிட்டிங்னு வந்தப்பறம் தேடறவங்க மனசுல என்ன இருக்குதுன்னு தேடுபொறியே ஊகிச்சு, யாரு வாங்குவாங்களோ அவங்க முன்னாடி கொண்டுபோய் நம்ம விளம்பரத்த நிறுத்துது. ஆனா அதே டேஷ்போர்டுல, யாரு என்ன கேட்டு நம்ம விளம்பரத்துக்கு வந்தாங்கன்னு ஒரு ரிப்போர்ட் வருதுல்லீங்களா. எல்லாத்தையும் காட்டாது, ஆனா போதுமான அளவுக்குக் காட்டும். இந்தச் சொல்லுக்கு வேண்டாம்னு தடுக்கறதுக்கு நெகட்டிவ் கீவேர்டுன்னு ஒரு கட்டமும் இருக்குதுல்லீங்களா. அப்பறம் எப்படிங்க எல்லாத்தையும் சிஸ்டத்து மேல போடறீங்க.

இத நான் உங்களை மட்டும் வெச்சுக் கேக்கல. அந்தத் தம்பிகிட்டப் பேசிட்டு வந்த அன்னிக்கு ராத்திரி எங்க மஞ்சத்தூள் கணக்கையே தொறந்து அந்த ரிப்போர்ட்ட மொத தடவை பொறுமையாப் படிச்சேன். நாட்டு மஞ்சத்தூள், ஈரோடு மஞ்சள் விலை, பூசற மஞ்சள், இப்படி வந்துக்கிட்டே இருந்த வரிசைக்கு நடுவுல "மஞ்சள் சாப்பிட்டா புத்துநோய் கட்டி கரையுமா". அதுக்குக் கீழ "கீமோ வேண்டாம் இயற்கை வைத்தியம்". அவங்க அமுத்தியிருக்காங்க, கிளிக்குக்கு நான் காசு கட்டியிருக்கேன், அந்த ரெண்டாவது தேடல்ல இருந்து ஒரு ஆர்டரும் வந்திருக்குது, அந்தப் பாக்கெட்ட என் கையாலதான் ஒட்டியிருக்கேன். நோய் குணமாகும்னு ஒரு வார்த்தை நான் எழுதினதில்ல, ஆனாலும் எங்கயோ ஒரு ஊட்டுல ஒருத்தரு கடைசி நம்பிக்கையாத் தேடுன இடத்துல எங்க பாக்கெட் படம் போய் நின்னிருக்குது. அப்பவே புத்துநோய், கட்டி, கீமோ, கிட்னி, சக்கரை, புண்ணுன்னு தோணுனதையெல்லாம் நெகட்டிவ்ல போட்டேன். அரைமணி நேரம் ஆகலீங்க. ஆர்டர் கொஞ்சம் கொறஞ்சுது, கொறையட்டும்.

ஏலம்ங்கறது எங்களுக்குப் புதுசில்ல. ஈரோட்டு மஞ்சளுக்கு 2019ல புவிசார் குறியீடு கெடைச்சுது, ஆனா அதுக்கு எத்தனையோ காலம் முந்தியே எங்க சனம் மஞ்சள ஏலத்துலதான் வித்துக்கிட்டு இருக்குது. ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துல மூட்டைக்கு முன்னாடி சாம்பிள் வெச்சிருப்போம், வியாபாரி கையில எடுத்து ஒடைச்சு உள்நெறம் பாத்துட்டு வெலைய எழுதுவாரு, எந்த லாட்டு என்ன வெலைக்குப் போச்சுன்னு அங்க நிக்கற எல்லார்த்துக்கும் தெரியும், வெலை கட்டலீன்னா குடுக்கலீங்கன்னு சொல்லிப்போட்டு மூட்டைய வெச்சுக்குவோம். எங்க மஞ்சள், எங்க சம்மதம். உங்க ஏலம் ஒருத்தர் தேடற ஒவ்வொரு தடவையும் கண்ணச் சிமிட்டறதுக்குள்ள நடந்து முடியுது, பிட்டையும் விளம்பரத்தோட தரத்தையும் சேத்துப் பாத்து யாரு மேல நிக்கறதுன்னு முடிவாகுது, அந்தத் தரம்ங்கறதும் சனம் அமுத்துமா, கேட்டதுக்குப் பொருந்துதா, பக்கம் நல்லாத் தொறக்குதாங்கறதுதான், அந்த மருந்து கேக்குமாங்கறது இல்ல. அந்த ஏலத்துல சாக்குல இருந்தது எங்கம்மா கேட்ட கேள்வி. ஏலம் நடந்ததே அவங்களுக்குத் தெரியாது.

விளம்பரம்னுதான் எழுதியிருக்குதேன்னு நீங்க சொல்லலாம். எங்கம்மாகிட்ட அந்தச் சின்ன எழுத்தக் காட்டி "ஸ்பான்சர்டு"ன்னா என்னன்னு கேட்டேன், தெரியலப்பான்னாங்க. எங்கூரு கோயில்ல டியூப்லைட்டு குடுத்தாக்கூட உபயம்னு கொட்டை எழுத்துல பேரு இருக்கும், யாரு காசுன்னு சின்னப் பசங்களுக்கும் தெரியும். கூகுள்லயே ஒரு காலத்துல விளம்பரத்துக்குப் பின்னாடி தனிக் கலர்ல பட்டை இருந்துது, 2013-14 வாக்குல அது போயி மஞ்சள்ல ஒரு சின்னப் பெட்டி வந்துது, 2016ல பச்சையாச்சு, அப்பறம் வெறும் கறுப்பு எழுத்தாச்சு, 2022ல இருந்து ஸ்பான்சர்டுங்கற வார்த்தை. அந்தக் கம்பெனிய ஆரம்பிச்ச செர்கே பிரின், லாரி பேஜ் ரெண்டு பேருமே 1998ல மாணவரா இருந்தப்ப எழுதுன ஆராய்ச்சிக் கட்டுரையில, விளம்பரக் காசுல ஓடற தேடுபொறி தேடறவங்களை விட்டுப்போட்டு விளம்பரம் குடுக்கறவங்க பக்கந்தான் சாயும்னு எழுதி வெச்சிருக்காங்க. ஆரம்பத்துலயே தெரிஞ்ச சங்கதிதானுங்க இது.

சட்டம் என்ன சொல்லுதுன்னு உங்களுக்கு எந்தக் கிளையன்டும் சொல்ல மாட்டாங்க, நான் சொல்றேன். மருந்துகள் மற்றும் மாய வைத்தியம் பத்தின விளம்பரச் சட்டம் 1954லயே வந்தது. 54 நோய்களைப் பட்டியல் போட்டு, இதுகளைக் குணமாக்கறேன்னு விளம்பரம் பண்ணக்கூடாதுங்குது, அந்தப் பட்டியல்ல சக்கரை வியாதி இருக்குது. செய்யறவன் மட்டுமில்ல, அந்த விளம்பரம் வெளிவர்றதுல யாரும் எந்தப் பங்கும் எடுக்கக்கூடாதுன்னு எழுதியிருக்குது. கிளையன்ட் குடுத்தாரு நாங்க போட்டோம்ங்கறது பங்கு இல்லாம என்னங்க? 2022 ஜூன்ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் கொண்டாந்த விதிமுறையில விளம்பர ஏஜென்சிக்கும் கடமை உண்டுன்னு சேத்திருக்காங்க. 2023 நவம்பர்ல வந்த இன்னொரு விதிமுறையில சனத்த ஏமாத்தற 13 வழிகளைச் சொல்லி, விளம்பரத்த விளம்பரம்னு தெரியாம மறைச்சுக் காட்டறதும் அதுல ஒண்ணுன்னு போட்டிருக்காங்க. நானும் 1915 நுகர்வோர் உதவி எண்ல புகார் பதிஞ்சிருக்கேன்.

இதெல்லாம் நடைமுறைக்கு ஆகாது, கோடிக்கணக்கான தேடல்ல எத தடுக்க முடியும்னு அந்த ஏஜென்சியில ஒருத்தரு போன்ல கேட்டாரு. முடியுமுங்க, நம்ம சேலத்துல இருந்தே அதுக்குச் சாட்சி இருக்குது. பொட்டப்புள்ளைங்களைக் கொன்ன கொடுமை தாங்காம 1992ல தொட்டில் குழந்தைத் திட்டம் ஆரம்பிச்சது சேலத்துலதான். கருவுல இருக்கறது ஆணா பொண்ணான்னு பாக்கறதுக்கும் அத விளம்பரம் பண்றதுக்கும் 1994லயே தடைச் சட்டம் வந்துது, அப்பறம் அந்த விளம்பரம் எல்லாம் தேடுபொறிக்குள்ள வந்து உக்காந்துச்சு. 2008ல, பொண்ணுன்னு கருவுலயே அழிக்கறத எதிர்த்துப் போராடற டாக்டர் சாபு ஜார்ஜ் சுப்ரீம் கோர்ட்டுக்குப் போனாரு. கம்பெனிக மொதல்ல முடியாதுன்னுதான் நின்னாங்க, கோர்ட்டு விடல, 2016ல கூகுள், மைக்ரோசாப்ட், யாகூ மூணு பேரும் ஒரு சொற்பட்டியலுக்கு விளம்பரமே வராதபடி தானாத் தடுக்க ஒத்துக்கிட்டாங்க. அதுக்குத் தடுக்க முடிஞ்சுதுன்னா ஆறாத புண்ணுக்கும் முடியும். கோர்ட்டு சொன்னாத்தான் செய்வோம்னு நீங்க காத்திருக்க வேண்டியதில்ல, உங்க கையிலயே அந்தக் கட்டம் இருக்குது.

இப்ப இன்னொரு வேல ஆரம்பிச்சிருக்கீங்க, அதுதான் எனக்குத் தூக்கத்தக் கெடுக்குது. கூகுள்ல 2024 ஆகஸ்ட்ல இருந்து நம்ம நாட்டுலயும் மேல ஏஐயே பதில எழுதிக் காட்டுது. முந்தி பத்து வரி வரும், ஒண்ணு விளம்பரமா இருந்தாலும் கீழ தள்ளிப் பாத்தா ஒரு ஆஸ்பத்திரிப் பக்கமோ அரசாங்கப் பக்கமோ கண்ணுல படும், இப்ப எல்லாத்துக்கும் மேல ஒரே குரல்ல ஒரே பதில், அதுக்குக் கீழ எங்கம்மா மாதிரி ஆளுக தள்ளிப் பாக்க மாட்டாங்க. இதப் பாத்துட்டு, ஏஐ பதில்ல உங்க பிராண்ட் பேர வரவைக்கறோம்னு பேக்கேஜ் போட்டு விக்கறீங்க, எனக்கே ரெண்டு ஏஜென்சி போன் பண்ணிக் கேட்டாங்க. எப்படி வரவைப்பீங்கன்னு கேட்டதுக்கு, பத்துச் சிறந்த மஞ்சத்தூள்னு நாங்களே கட்டுரை எழுதி பல தளத்துல போடுவோம், கேள்வி பதில் மாதிரி எழுதி வெப்போம், ரிவ்யூவும் பாத்துக்கலாம், ஏஐ அதையெல்லாம் படிச்சு நம்பி எடுத்துக்கும்னு வெளிப்படையாவே சொன்னாங்க. மஞ்சத்தூளுக்கு இப்படிச் செய்யறவங்க நாளைக்குச் சக்கரைப் பொடிக்கும் செய்வீங்க. விளம்பரத்துக்காச்சும் ஒரு சின்ன எழுத்து இருந்துது, இதுல அதுவும் இல்ல. எங்கம்மாவுக்கு யாரு சொல்லிக் குடுக்கறது, அந்தப் பதில்ல எது வெவரம், எது காசுன்னு?

நான் கேக்கறது இதுதானுங்க. அந்தப் பொடி விளம்பரத்த எந்த ஏஜென்சி ஓட்டறீங்களோ அவங்க இன்னிக்கே நிறுத்தோணும். நிறுத்துனா மட்டும் பத்தாது, போன் பண்ணுனவங்க பேரும் நம்பரும் உங்க லீட் ஷீட்ல இருக்குது, அவங்க ஒவ்வொருத்தருக்கும் போன் பண்ணி மாத்திரைய நிறுத்தியிருந்தா திரும்ப எடுங்க, புண்ணு இருந்தா ஆஸ்பத்திரிக்குப் போங்கன்னு சொல்லோணும். விக்கறதுக்குப் போன் பண்ண ஆளிருந்துதுல்ல, இதுக்கும் ஆள் போடுங்க. அதே கிளையன்ட் வேற பேர்ல இன்னொரு ஏஜென்சிக்குப் போறதத் தடுக்க, உங்களுக்குள்ள ஒருத்தருக்கொருத்தர் தகவல் சொல்லிக்கோணும்.

அந்த 54 நோய்ப் பேருக்கும் எல்லா ஏஜென்சியும் சேந்து ஒரே நெகட்டிவ் பட்டியல் போடுங்க, அதை இங்கிலீஷ்ல மட்டும் போட்டுட்டு முடிஞ்சுதுன்னு இருக்காதீங்க, நம்ம சனம் டயாபடிக் அல்சர்னு தேடறதில்ல, சக்கரைப் புண்ணு, ஆறமாட்டேங்குது, கறுத்துப் போச்சுன்னுதான் கேக்கும், அந்தப் பேச்சுத் தமிழ் தெரிஞ்ச ஆளை உக்காரவெச்சுப் போடுங்க, வேணும்னா நானும் வந்து உக்காந்து எழுதித் தர்றேன், கூலி வேண்டாம். உடம்பு சம்பந்தப்பட்ட எந்த விளம்பரத்துக்கும் வயசானவங்களையும் ராத்திரி நேரத்தையும் குறிவெச்சு பிட்டு ஏத்தறத விட்ருங்க. வாரத்துக்கு ஒரு தடவை அந்தத் தேடல் ரிப்போர்ட்ட ஒரு மனுசன் கண்ணால படிக்கோணும். மருந்து விக்கறவங்ககிட்ட லைசென்ஸு, நிரூபணம் ரெண்டும் எழுத்துல வாங்காம கணக்குத் தொறக்காதீங்க. விளம்பரத் தலைப்புலயே "விளம்பரம்"ங்கற வார்த்தைய நல்ல தமிழ்ல, படிக்கற அளவுல போடுங்க, தளம் ஒத்துக்காதுன்னா எனக்கு அதையும் எழுத்துல குடுங்க, நான் அவங்ககிட்டக் கேட்டுக்கறேன். ஏஐ பதிலுக்குன்னு பொய்க் கட்டுரையும் பொய் ரிவ்யூவும் எழுதற பேக்கேஜ மொத்தமா நிறுத்துங்க.

அந்தப் பேக்கரியில பேசுன தம்பி மாதிரி உள்ள சங்கடத்தோட உக்காந்திருக்கறவங்க உங்க ஆபீசுலயே இருப்பாங்க. முடியாதுன்னு சொல்ற பையனை வேலைய விட்டு அனுப்பாதீங்க.

ஆடிப்பெருக்குக்குள்ள எனக்குப் பதில் வேணுமுங்க, பாலிசி வாசகம் வேண்டாம், என்ன செஞ்சீங்கன்னு வேணும். தமிழ்ல, பெரிய எழுத்துல அனுப்புங்க, எங்கம்மா எழுத்துக் கூட்டிப் படிக்கோணும்.